வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நான் ரங்கூனில் கொத்தனாராக இருந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், பசுந்தாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி ஆலையில் மதில் கட்டும் வேலை கிடைத்தது. ஆலைக் கூலிகள் குடியிருந்த லயனைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலாகச் செங்கல் மதில். அதில் ஒரே ஒரு வாசல். திருடர் பயம் என்று மேஸ்திரி சொன்னார்.

முதல் நாள் ஆலை மானேஜர் துரை ஒரு படப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். மலை முதுகுகளின்மேல் வளைந்து வளைந்து போகும் சீனப் பெருஞ்சுவர். இப்படிக் கட்ட வேண்டும், காலத்துக்கும் நிற்க வேண்டும் என்றார். பின்னால் வாசற்கதவுக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்த சீனத் தச்சரைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

தச்சருக்கு என் வயதுதான். தமிழ் ஆட்களோடு பல வருஷம் வேலை செய்து, பர்மிய மொழி கலந்த ஒரு தமிழ் பேசுவார். மத்தியானம் சாப்பிடும்போது, அந்தச் சுவரைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். சிரித்தார். அவர் ஊர் தெற்கே கடலோரத்தில். சுவர் இருப்பது வடக்குக் கோடியில். அது ஒரே சுவரும் அல்ல, ஒரே ராஜா கட்டியதும் அல்ல என்றார். ஒரு காலத்தில் மண்ணை இடித்துக் கட்டினார்கள். பல நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டினார்கள். எப்போது கட்டினாலும் ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கட்டினார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவருடைய அம்மா அந்தச் சுவரைப் பற்றிப் பேசினால் சாவு வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்குமாம். கடைசியில், எந்த எதிரிக்குப் பயந்து கட்டினார்களோ அவனுடைய குதிரைப்படை உள்ளே வந்தது, உள்ளே இருந்தவன் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான்.

"இப்போ படிச்சவங்க அது நம்ம தேசத்துப் பெருமைன்னு சொல்றாங்க, கொத்தனாரே. துரை படத்தைக் காட்டினப்போ எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்குக் கோபம்."

மூன்றாம் நாள் மதில் இடுப்பளவு வந்திருந்தது. தச்சர் என்னைத் தனியே அழைத்து, தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைக்கச் சொல்கிறார்கள் என்றார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பயம் திருடனைப் பற்றி அல்ல. ஆட்கள் வேறு ஆலைக்குப் போய்விடாதபடி, வேலை முடிந்ததும் அவர்களை உள்ளே விட்டு வெளியிலிருந்து பூட்டப்போகிறார்கள். உள்ளே அத்தனையும் ஓலைக்கூரை. ஒரு பொறி விழுந்தால் எங்கே ஓடுவார்கள்?

மேஸ்திரியிடம் கேட்டேன். கொத்தனுக்குக் கதவோடு என்ன வேலை என்றார். சாந்து பூசும் கரணையைக் கழுவிக் கீழே வைத்தேன். என்னோடு மதில் கட்டிய மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். லயனில் இருந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சாந்துச் சட்டியை இறக்கினார்கள். தச்சரும் உளியைப் பைக்குள் போட்டார்.

துரை வந்தார். இப்போதே வேலையைத் தொடங்கினால் மன்னித்துவிடுவதாக மேஸ்திரி மூலம் சொன்னார்.

"தாழ்ப்பாள் உள்பக்கம்னா தொடங்குறோம்," என்றேன். "வெளிப்பக்கம்னா நீங்களே கட்டிக்குங்க. மனுஷனை அடைச்சு வைக்க நான் கல்லு வைக்கமாட்டேன்."

மேஸ்திரி பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னார். விழுங்கிய பாதியைத் தச்சர் பர்மிய மொழியில் உரக்கச் சொன்னார். துரைக்குப் பர்மிய மொழி நன்றாகத் தெரியும்.

அன்றைக்கே எங்களை வெளியேற்றினார்கள். வேறு ஆட்களை வைத்து மதிலை முடித்துக் கதவையும் மாட்டினார்கள். மாட்டிய அன்றே லயன் ஆட்கள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து அதைக் கீலோடு பெயர்த்து ஓடையில் விட்டார்கள். இன்னொரு கதவு செய்யச் சீனத் தச்சர்கள் சிலரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் வந்தார்கள், விவரம் கேட்டார்கள், திரும்பிப் போனார்கள்.

எனக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. ரங்கூனை ஒட்டிய தின்கன்ஜூன் பக்கம் வீடு கட்டுகிறவர்கள், முன் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்வேன், அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது இடத்திலும் அதையேதான் சொன்னேன். அந்த வீட்டுக்காரர், நாளைக்கு வரும்போது அந்தத் தச்சரையும் கூட்டிவரச் சொன்னார்.