தம்பியின் அளவுக்கு வைத்த இருக்கை

வண்டியைக் கட்டி முடித்த அன்று என் தம்பியால் அதற்குள் உட்கார முடியவில்லை. இடது காலை உள்ளே வைத்து இடுப்பை வளைத்தான். வலது காலை இழுக்கும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கிக்கொண்டது. நிமிர்ந்தான், தலைக்கு மேலிருந்த குழாயில் நெற்றி இடித்தது. பட்டறை வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குத்தான் அவமானமாகப் போய்விட்டது. அவன் ஓட்டுவதற்கென்றே மூன்று மாதம் பாடுபட்டுக் கட்டிய வண்டி. கட்டும்போதெல்லாம் நானே உட்கார்ந்து பார்த்து அளவு வைத்திருந்தேன். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், அவன் ஆறடி மூன்று.

எழுபதுகளின் தொடக்கம் அது. பென்னாகரத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. மாதா கோயிலை ஒட்டிக் கன்னியர்கள் ஒரு மருந்தகம் நடத்திவந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பார்கள். ஆற்று மணலில் அவர்களுடைய பழைய வேன் அச்சுவரை புதைந்துவிடும். மாட்டைப் பூட்டி இழுத்துத்தான் கரையேற்றுவார்கள். ஒருநாள் பங்குச் சாமியார் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு பட்டறைக்கு வந்தார். அவரும் வெளிநாட்டுக்காரர்தான். நம்ம ஊர்த் தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார். பத்திரிகையில் ஒரு படம். மணல்மேட்டின்மேல் கூரையில்லாத சின்ன வண்டி ஒன்று, பருத்த டயர்களோடு பாய்ந்துகொண்டிருந்தது.

“இது மாதிரி செய்ய முடியுமா உங்களுக்கு?”

“பாக்கறனுங்க சாமி” என்றேன்.

விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு சின்னக் காரை அவரே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து இறக்கினார். அதன் மேல்கூட்டை அறுத்தெடுத்தேன். அடிச்சட்டத்தைச் சுருக்கினேன். தண்ணீர்க் குழாய்களை வளைத்துச் சட்டம் கட்டினேன். பின்னால் பெரிய டயர்கள் மாட்டி, காற்றைக் குறைத்து வைத்தேன். மணலில் இறக்கி ஓட்டிப் பார்த்தபோது புதையாமல் போனது. டிரைவர் வேலைக்கு என் தம்பியைச் சொன்னேன். சாமியார் உடனே சரியென்றார்.

அவன் எட்டு வருடம் லாரி ஓட்டியவன். அவன் ஓட்டிய லாரியில் காலை மடக்கி மடக்கியே வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. பெங்களூர் போய்வந்தால் இரண்டு நாள் எழுந்து நடக்க மாட்டான். கல்யாணமாகி மூன்று வருடம், ஒரு பெண் குழந்தை. உள்ளூரிலேயே வேலை கிடைத்தால் போதும் என்று அவன் மனைவி என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். அதனால்தான் அந்த வேலையை அவனுக்கென்று கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையிலேயே இருவரும் வேலையைத் தொடங்கினோம். முதலில் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை வெறும் தரைத்தகட்டில் உட்காரச் சொன்னேன். தலை குழாய்க்குக் கீழே வந்தது, முழங்கால்தான் இன்னும் ஸ்டியரிங்கில் இடித்தது. பின்பக்கத் தகட்டை அறுத்து, பேட்டரியை வேறு பக்கம் மாற்றி, அவனை ஒன்பது அங்குலம் பின்னால் தள்ளினேன். அப்படியும் கால் மடங்கியே இருந்தது. கிளட்ச், பிரேக் மிதிகளின் தண்டுகளை முன்னுக்கு வளைத்தேன். ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினேன். ஒவ்வொன்றுக்கும் அவன் உள்ளே ஏறி உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு விரக்கடைண்ணா” என்பான். அவன் தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் என் கையை நுழைத்துப் பார்ப்பேன்.

நான்காம் நாள் அவன் உள்ளே இறங்கிக் காலை நீட்டினான். முட்டி லேசாகத்தான் மடங்கியிருந்தது. கிளட்சை மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணா. வண்டில உக்காந்தா இப்பிடித்தான் இருக்கும்போல. இத்தன வருசம் எனக்குத் தெரியவேயில்ல.”

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காட்டிக்கொள்ளாமல் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். கால்களை அறுத்துத் தாழ்த்திய இருக்கையை அந்த இடத்திலேயே வைத்துப் பற்றவைக்கப் போனேன். அப்போது அவன் சொன்னான், “அண்ணா, முன்ன பின்ன நகர்ற மாதிரி வெச்சுட்டா நல்லாருக்குமே. வேற யாராச்சும் ஓட்ட வேண்டி வந்தா?”

“வேற எவன்டா ஓட்டப் போறான்? நகர்ற மாதிரி வெச்சா மணல்ல குதிக்கறப்ப ஆடும். உன் முட்டிக்கு ஆவாது” என்றேன்.

“செரி, உன் இஷ்டம்.”

நான்கு மூலையிலும் பற்றவைத்தேன். நல்ல பிடிமானமான பற்று. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒன்றரை வருடம் அவன் அந்த வண்டியை ஓட்டினான். முட்டி வலி குறைந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருவான். கூட்டத்துக்கு மேலே அந்தக் குழந்தையின் தலை தனியாகத் தெரியும். அவன் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உங்களாலதான் மாமா அவரு வூட்டுல இருக்கறாரு” என்பாள்.

கோடைக்காலம், ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. கியர் மாற்றும்போது ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தான். ஓட்டத்தில் கேட்டால்தான் தெரியும் என்று ஒரு காலையில் நானும் ஏறிக்கொண்டேன். பின்பெட்டியின்மேல் கன்னியர் ஒருவர் மருந்துகளோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் படிப்புப் படித்தவர். ஆற்றைக் கடந்து அக்கரை ஊரில் வேலை முடிய பத்து மணியாகிவிட்டது. திரும்பும்போது ஆற்றின் விளிம்பில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லை எடுத்துவரப் புதர்ப்பக்கம் போனான் தம்பி. “ஏய்” என்று ஒரு குரல் வந்தது. பெரிதாகக்கூடக் கத்தவில்லை. நான் ஓடிப் போனபோது இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கண்ணாடி விரியன் கல்லுக்கு அடியில் நழுவிப் போவதை நானும் பார்த்தேன்.

கன்னியர் காலைக் கழுவிக் கட்டுப் போட்டார். “இதுக்கு மருந்து என்கிட்ட இல்ல. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், சீக்கிரம்” என்றார்.

“நானே ஓட்டறேன் சிஸ்டர். ஒண்ணும் ஆவல” என்று தம்பி ஏறி உட்கார்ந்தான். நானும் அதைத்தான் விரும்பினேன். வண்டியைப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிட்டோம். ஆற்றில் பாதி தூரம் ஓட்டியிருப்பான், கால் வீங்கி உருளைபோல ஆகிவிட்டது. கிளட்சை மிதிக்க முயன்றவன் அலறிவிட்டான். வண்டி உறுமி நின்றது.

அவனைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டு நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். என் கால் மிதியைத் தொடவில்லை. ஒரு சாண் குறைந்தது. முதுகுக்குப் பின்னால் மருந்துப் பெட்டியை வைத்தேன். அது சரிந்து விழுந்தது. சாக்கை மடித்து வைத்தேன், போதவில்லை. இருக்கையின் விளிம்புக்கு நழுவிக் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டபோது கால் எட்டியது. ஆனால் முன்னால் எதுவும் தெரியவில்லை. தகடும் வானமும்தான் தெரிந்தன. ஸ்பேனரால் கழற்றி இருக்கையை நகர்த்தலாம் என்றால் நட்டே இல்லை. எல்லாம் என் பற்றுகள்.

“படுத்துட்டே மிதிண்ணா. நான் சொல்றேன் வழி” என்றான் தம்பி.

அப்படியே ஓட்டினேன். “லெப்டு… கொஞ்சம் ரைட்டு… நேராப் போ” என்று சொல்லிக்கொண்டே வந்தான். குரல் நிதானமாகத்தான் இருந்தது. கரை நெருங்கிவிட்டது என்று கன்னியர் பின்னாலிருந்து சொன்னார். அப்போது தம்பி சொன்னான், “அண்ணா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. எது வழின்னு தெரியல.”

கன்னியர் “நேரா, நேரா!” என்று கத்தினார். என் கால் மிதியிலிருந்து நழுவியது. வண்டி ஒரு பக்கம் திரும்பி, ஊற்றுக்காகத் தோண்டி மூடிய தளர்ந்த மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நாங்கள் இருவர் தள்ளியும் அது அசையவில்லை.

கன்னியர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஓடினார். மாட்டுவண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை வண்டியின் நிழலில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஈறுகளில் ரத்தம் கசிந்தது. துண்டால் துடைத்துவிட்டேன்.

“பாப்பாவுக்குச் சட்டை எடுத்தாரேன்னு சொல்லிட்டு வந்தேன். அவகிட்டச் சொல்லிரு” என்றான்.

“நீயே எடுத்துக் குடுப்படா.”

“செரிண்ணா.”

பென்னாகரத்தில் ஒரு வாடகைக் கார் கிடைத்தது. சாமியாரும் ஏறிக்கொண்டார். போகிற வழியிலேயே அவன் நெற்றியில் எண்ணெய் பூசி, சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். இண்டூரைத் தாண்டும்போது அவன் என் கையைப் பிடித்திருந்தான். அடுத்த வளைவில் அவன் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துச் சாமியார் வந்தார். வேறு டிரைவர் பார்த்திருப்பதாகவும், இருக்கையை மாற்றித் தர முடியுமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். என்னால் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தருமபுரியிலிருந்து ஒருவன் வந்தான். கோயில் வளாகத்திலேயே என் பற்றுகளை வெட்டியெடுத்து, இரண்டு தண்டவாளம்போல வைத்து, முன்னும் பின்னும் நகரும்படி இருக்கையைப் பொருத்தினான். ஒரு முற்பகல்தான் ஆனது. நான் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மணலில் குதித்தபோது அது ஆடவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தம்பி மனைவிக்கு மருந்தகத்திலேயே உதவியாளர் வேலை கொடுத்தார்கள். அவளும் அந்த வண்டியில்தான் ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய்வந்தாள். ஏழு வருடம் நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவளோ என்னைத் தெய்வம்போல நடத்தினாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். “அன்னிக்கு நீங்க அவரு பக்கத்துல இருந்தீங்களே, அதுவே எனக்குப் போதும் மாமா” என்று அவள் சொன்ன ஒரு நாளில் என்னால் தாங்க முடியவில்லை. அவன் இருக்கையைப் பற்றிக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லிவிட்டேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“அவரு கேட்டாரா?”

“கேட்டாம்மா.”

“நகர்ற மாதிரி வெக்கச் சொல்லி, அவரு வாயாலயே கேட்டாரா?”

“ஆமா.”

“இத எதுக்கு மாமா இப்ப எங்கிட்டச் சொல்றீங்க? உங்களுக்குப் பாரம் எறங்கணும்னா சாமியாருகிட்டப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கலாமே. என் தலையில ஏன் எறக்கறீங்க? அந்த சீட்டுக்குப் பக்கத்துலதான நான் வாரத்துல மூணு நாளு போயாவணும்?”

அவள் சொன்னது சரி. ஏழு வருடம் நான் சுமந்ததை அவளிடம் இறக்கி வைத்துவிட்டேன். இறக்கியும் எனக்கு இலேசாகவில்லை.

அவள் சண்டை போடவில்லை. ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் அனுப்பினாள், மகள் கையில் கொடுத்து. எதிரே பார்த்தால் “நல்லாருக்கீங்களா மாமா” என்று கேட்பாள். கேட்கும்போது அவள் பார்வை என் முகத்தில் இருக்காது, பக்கத்துச் சுவரிலோ தரையிலோ இருக்கும். “நல்லாருக்கறம்மா” என்று நானும் சொல்லிவிட்டு நடப்பேன்.