பிரசவ விடுதித் தராசில் இரண்டு எஞ்சின்கள்

தபீதா அக்கா வீட்டைவிட்டுப் போனது 1992 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. முந்தின நாள் ஈஸ்டர். காலை ஆறரை மணிக்கு ஒரு தகரப் பெட்டியும் துணிப்பையுமாகக் கிளம்பினார். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் அவரும் கணவர் எட்மண்ட் சாரும் பத்து வருடமாகக் குடியிருந்தார்கள். சானடோரியம் ஸ்டேஷன் வரை பையை நான்தான் தூக்கிப்போனேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பீச் ஸ்டேஷன் போகும் மின்சார வண்டி வந்து அக்கா ஏறியதும், ஜன்னல் பக்கம் திரும்பி, "சாதத்தைப் பிசைஞ்சு ஸ்பூன் போட்டுக் குடு. இடது கை இன்னும் பழகல அவருக்கு" என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். வண்டி நகர்ந்துவிட்டது.

கை போன புருஷனை நடுவில் விட்டுவிட்டுப் போனவள் என்று தெருவே பேசியது. மிஷன் ஆஸ்பத்திரி வேலை என்று ஒரிசாவுக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. நானும் பேசியவள்தான். ஸ்பூனைத் தட்டில் வைக்கும்போதெல்லாம் மனதுக்குள் திட்டினேன்.

எட்மண்ட் சார் பொத்தேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன். தற்காலிக வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புதிதாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்பது வருடம். அளவில் பித்துப் பிடித்தவர். காப்பித்தூளைக்கூட ஸ்பூனை விரலால் வழித்துத்தான் போடுவார். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எண்ணூறு லிட்டர் இல்லை, எழுநூற்று அறுபதுதான் என்று கண்டுபிடித்து, கட்டிய மேஸ்திரியை வரவழைத்துச் சண்டை போட்டார். வாடகைக்கு இருப்பவர் அவர். வீட்டுக்காரரான அப்பா ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

91 கடைசியில் பேராசிரியர் தோத்தாத்ரி அவரைக் கூப்பிட்டார். மார்ச் ஆண்டு விழாவில் கல்லூரியை வானத்திலிருந்து படம் எடுக்க வேண்டும். பத்தடி இறக்கை வைத்த ரேடியோ கன்ட்ரோல் விமானம், அதன் வயிற்றில் ஒரு காமிரா. "பறந்துட்டா உங்க பேரை நிரந்தரத்துக்கு நானே எழுதறேன், எட்மண்ட். ஒரு போஸ்ட்தான் இருக்கு. இதை விட்டா அடுத்து எப்போன்னு தெரியாது" என்றார். விமானம் மொத்தம் ஒன்பது கிலோ, அதில் எஞ்சினுக்கு இரண்டே கால். அதைத் தாண்டினால் இறக்கை தாங்காது.

பெட்ரோல் எஞ்சின் இரண்டு கிடைத்தன. ஒன்று ஷார்ஜாவிலிருந்து பேராசிரியரின் மச்சான் கொண்டுவந்தது, மாதிரி விமானத்துக்கென்றே செய்தது. காகிதத்தில் ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று போட்டிருந்தது. இன்னொன்று ஜப்பான் புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றியது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது.

"காகிதத்துல சைலன்சர் இல்லாம, இக்னிஷன் டப்பா இல்லாம, பேட்டரி இல்லாம எடை போட்டிருப்பான். பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட நகை இல்லாம போட்டோ காட்டற மாதிரி. பறக்கும்போது அத்தனையும் சேர்ந்துதானே பறக்கணும்?" என்றார் எட்மண்ட் சார். முழுதாக மாட்டிப் பார்த்து, தானே நிறுத்து, நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட வேண்டும் என்றார்.

எதில் நிறுப்பது? கல்லூரி இயற்பியல் லேப் தராசு கால் கிலோவுக்கு மேல் தாங்காது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நிறுக்கச் சொன்னேன். சிரித்தார். "விக்கறவன் தராசு ஒரு பக்கம் சாயும், வாங்கறவன் தராசு இன்னொரு பக்கம் சாயும். யாருக்கும் லாபமில்லாத தராசு வேணும்."

அது தபீதா அக்காவிடம் இருந்தது. பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மிஷன் பிரசவ விடுதியில் அவர் நர்ஸ். விடுதி இப்போது இல்லை. பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசு, தட்டில் கனத்த துணி விரித்து, வட்ட முகத்தில் ஊசி ஓடுவது. "குழந்தை எடையில பொய் சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்றார் எட்மண்ட் சார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரண்டு எஞ்சின்களையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. அவர் வராந்தாவில் நோட்டோடு நின்றார். நான் உள்ளே தூக்கிப்போனேன். அக்கா வேறொருத்திக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்ததால், ஆயா கன்னியம்மா வாங்கித் தட்டில் வைத்தாள்.

"இன்னா சார் இது, இந்தக் கனம் கீது! ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?"

"எடையைச் சொல்லும்மா."

"ரெண்டு கிலோ எழுநூறு. நல்லா புஷ்டியா கீது. அடுத்தத இட்டா."

அது புல்வெட்டும் எஞ்சின். இரண்டு கிலோ நானூற்றைம்பது.

"இது கொறப்புள்ள சார், மூக்கு மட்டும் நீளம்" என்று கன்னியம்மா கத்த, கட்டிலில் படுத்திருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். அக்கா சிரித்தாரா என்று எனக்கு நினைவில்லை.

இரண்டுமே அதிகம். ஷார்ஜா எஞ்சினில் கழற்ற ஒன்றுமில்லை. ஜப்பான் எஞ்சினில் கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர் இருந்தது. அன்று மாலையே அதைக் கழற்றினார். திங்கட்கிழமை லேப் தராசில் நிறுத்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "சரியா இருநூறு கிராம். அளந்து வச்ச மாதிரி. இப்போ ரெண்டே கால்."

அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். "அதில்லாம எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

"புரொப்பல்லரைக் கையால சுண்டிவிடணும். எல்லாரும் செய்யறதுதான்."

"கையாலயா?"

"இருநூறு கிராமுக்காக நான் போஸ்ட்டை விட முடியுமா, தபீதா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வந்து, "ஆறிடப்போகுது, சாப்பிடுங்க" என்றார்.

பிப்ரவரியில் விமானத்தை விரல் நுனியில் தாங்கிச் சமநிலை பார்த்தபோது வால் தொங்கியது. கணக்குப்படி தொங்கக்கூடாது. வாலை மழைக்காலத்தில் ஒட்டினோம், மரம் ஈரம் குடித்திருக்கும் என்று முடிவு செய்து, பேட்டரியை எஞ்சின் இருக்கும் மூக்குப் பக்கம் நகர்த்தினார். மேஸ்திரியின் தொட்டியை நம்பாதவர், காகிதத்தில் அச்சடித்ததை நம்பாதவர், கன்னியம்மா கத்திய எண்ணை மட்டும் நம்பினார்.

மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. கல்லூரிக்குப் பின்னாலிருந்த பொட்டலில் முதல்முறை ஸ்டார்ட் செய்தார். நாலு முறை சுண்டியும் கிளம்பவில்லை. ஐந்தாவது முறை எஞ்சின் பின்பக்கமாக உதைத்து, புரொப்பல்லர் திருப்பி அடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. "வலி பிறகுதான் வந்தது. முதல்ல, ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்" என்று ஒருமுறை சொன்னார்.

விமானம் பறந்தது. ஆண்டு விழாவில் வேறொருவர் கெட்டியான கையுறையும் கட்டையும் வைத்துக் கிளப்பினார். வானத்திலிருந்து எடுத்த படம் முதல்வர் அறையில் சட்டம் போட்டுத் தொங்கியது. எட்மண்ட் சாருக்கு அந்தப் பதினோரு மாதம் முடிந்தபோது, மறுநாள் கூப்பிடவில்லை. நிரந்தர வேலைக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும், கை இல்லாதவரை லேத் முன்னால் எப்படி நிறுத்துவது என்று தோத்தாத்ரி வீட்டுக்கு வந்து, ஆப்பிள் பையோடு, தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

விபத்து நடந்ததிலிருந்து ஏழு வாரமும் காயத்தைக் கழுவிக் கட்டியது தபீதா அக்காதான். கடைசிக் கட்டு அவிழ்த்தது பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்.

அதன் பிறகு நானும் அதிக நாள் இங்கே இருக்கவில்லை. பூனா, சிம்லா, கௌஹாத்தி என்று கிடைத்த வேலையில் இருந்தேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் தங்க முடியவில்லை. 99 மே மாதம் திரும்பியபோது எட்மண்ட் சார் மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்தது. நாற்பத்தைந்து வயதுக்கு அறுபது மாதிரி இருந்தார். முகச்சவரத்தில் வெட்டுக் காயங்கள். தட்டில் ஸ்பூன் இருந்தது. அக்காவைப் பற்றிக் கேட்டேன். "அவளுக்கு என்னைப் பார்க்கவே முடியல போல. கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். ஏழு வருடத்தில் ஒரு கடிதம் இல்லை.

ஆகஸ்டில் வந்தது. நான் பூத்துக்குப் போனபோது உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவர் முன்னால் மேஜையில் பழைய நோட்டு, எஞ்சின் கட்டங்கள் போட்ட பக்கத்தில் திறந்து கிடந்தது. "படிம்மா. எனக்கு ஏதாவது தப்பா புரிஞ்சிருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்று இன்லண்ட் லெட்டரை நீட்டினார்.

"கர்த்தருக்குள் அன்பானவருக்கு, தபீதாள் எழுதிக்கொண்டது.

விடுதித் தராசு பொய்த் தராசு. 88-இல் கங்கம்மா என்ற பெண்ணுக்கு இரண்டு கிலோ முந்நூறில் மகள் பிறந்தாள். இரண்டரைக்குக் கீழே என்றால் சீட்டெழுதிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கொறப்புள்ள என்றால் ரெண்டு பேரும் எங்கள் வூட்டுக்கு வர வேண்டாம் என்று மாமியார் வாசலில் நின்றாள். ஊசியை இருநூறு கிராம் ஏற்றி வைத்தேன். மறுநாள் இறக்கிவிட நினைத்தேன். மறுநாளும் அப்படி ஒருத்தி வந்தாள். பிறகு இறக்கவேயில்லை. காலித் தட்டில் ஊசி நிற்பது துணியின் எடை என்று கன்னியம்மா நினைத்திருந்தாள். அனுப்ப வேண்டிய பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு செத்தது எனக்குத் தெரியும். மற்றதைத் தேடிப் போகத் தைரியம் வரவில்லை.

எஞ்சினை நிறுத்தபோது எனக்கு நினைவே இல்லை. அத்தனை பழகிவிட்டது. நீங்கள் அந்தப் பாகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சரியாக இருநூறு என்றபோது நினைவு வந்தது. சொன்னால் அப்போதே போய் ஊசியைச் சரிபண்ணச் சொல்வீர்கள், நாலு வருடத்து ரிஜிஸ்தரையும் எடுக்கச் சொல்வீர்கள். விளையாட்டு விமானம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் கையைப் பார்க்க முடியாமல் போனேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன். விடுதியை மூடிவிட்டார்கள், தராசைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்று கன்னியம்மா யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இனி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த நோட்டு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஜப்பான் எஞ்சின், கயிறு இழுக்கும் பாகத்தோடு சேர்த்து, இரண்டே கால் கிலோ."