கடைசிக் கட்டத்து எண்

ரிச்சி தெருவில் ஒரு பெண் கேள்வி கேட்டால், பதில் அவளோடு வந்த ஆணுக்குத்தான் போகும். நான் மதர்போர்டைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர் என் கொழுந்தனைப் பார்த்து, "இது நல்லா போகும் சார்" என்றார். கொழுந்தன் எண்ணூரில் கான்ட்ராக்ட் பைப் ஃபிட்டர். அவனுக்குக் கம்ப்யூட்டரும் ஒன்றுதான், ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷினும் ஒன்றுதான். பைக் அவனுடையது என்பதால் கூட வந்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் பதில் சொன்னேன், அது சரிதானா என்று கடைக்காரர் அவனிடமே கேட்டுக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் நான் வாங்கப் போனது விளையாட்டுச் சாமான் இல்லை. திருவொற்றியூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பைப் டிராயிங் போடுகிறேன். போன வருடம் டிராயிங் ஆபீஸை மட்டும் ஒரகடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை. இரண்டு பெண் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் அங்கே போய்ச் சேரும்போது எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருப்பார்கள். மேனேஜர் பெரிய மனசு பண்ணி ஒரு மாதம் முன்பே ஒரு வழி சொன்னார். வீட்டிலிருந்தே போடலாம், ஆனால் மெஷின் என்னுடையதாக இருக்க வேண்டும், ஆபீஸ் மாறுகிற திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கம்பெனி ஃபைல் அதில் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஒரகடம், இல்லையென்றால் ராஜினாமா. அவர் கேட்ட வேகமுள்ள மெஷினை ரெடிமேடாக வாங்க எங்களால் முடியாது. பாகங்களை வாங்கி நாமே சேர்த்தால் கட்டுப்படியாகும்.

இது தெரிந்ததும் ஆளாளுக்கு அளந்து விட ஆரம்பித்தார்கள். யூடியூபில் ஒருத்தன், மீசை சரியாக முளைக்காத முகம், கலர் விளக்கு எரியும் ஃபேனைக் காட்டி இதுதான் முக்கியம் என்றான். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் இருப்பதிலேயே பெரிய ப்ராசஸரைப் போடச் சொன்னார். எந்த போர்டில் போடுவது என்று கேட்டேன். ஏதாவது ஒரு போர்டில் என்றார். என் கணவர், நல்லதாகப் பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இவர்களில் ஒருத்தருக்காவது மூளையான ப்ராசஸரும் அதைத் தாங்குகிற போர்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. கொழுந்தன் மட்டும் கொஞ்சம் யோசித்தான். ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதானே என்றான்.

"அப்ப ஒக்காந்துக்கும் அண்ணி. ஒக்காந்தா ஓடும்."

ஃபிட்டர் புத்தி. ஓட்டை பொருந்தினால் போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுகிற புத்தி. அவனை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். ஒரே சாக்கெட்டில் மூன்று தலைமுறை ப்ராசஸர் வரும். போர்டைக் கட்டுப்படுத்துகிற சிப்செட் அதை ஏற்க வேண்டும், மெமரி எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஓட்டை ஒன்றாக இருந்தாலும் பைப்புகளை இணைக்கிற எல்லா ஃபிளாஞ்சும் எல்லா பிரஷரையும் தாங்குமா என்று அவன் பாஷையிலேயே கேட்டேன். தலையாட்டினான். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

நான் மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். நான் வாங்க நினைத்த போர்டைச் செய்தவர்களே எந்தெந்த ப்ராசஸர் ஓடும் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அதை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, என் ப்ராசஸரின் பெயரைப் பச்சை மையில் அடிக்கோடிட்டேன். கடையில் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டினேன். இதைவிடப் புதிதாக வந்த போர்டு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கொழுந்தனிடம் சொன்னார். விலை கூடின சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்பது எனக்கா தெரியாது? படிக்கத் தெரிந்த பெண்ணைப் பார்த்தால் இந்தத் தெருவுக்கே ஆகாது என்று நினைத்துக்கொண்டு, நான் கேட்டதையே பில் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, மதியம் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினேன். ப்ராசஸர் உட்காரும் இடத்தில் முடியைவிட மெல்லிய முட்கள் வரிசையாக இருந்தன. ஒன்று வளைந்தாலும் போர்டு குப்பைக்குத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

மெமரியைக் கழற்றிப் போட்டேன். மானிட்டர் வயரை மாற்றினேன். பிறகு வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தேன். கடைக்காரன் கெட்டுப்போன போர்டைக் கட்டிவிட்டான், பொம்பளை என்றால் எதையும் தள்ளலாம் என்ற நினைப்பு என்றேன். ஷிஃப்ட் முடிந்து வந்த கொழுந்தன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கை கழுவாமல் என் காகிதத்தை எடுத்தான். கறைபடும் என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன். அவன் விரல் பச்சைக் கோட்டின் மேலே நகர்ந்து ஓரத்துக்குப் போனது.

"இது இன்னா அண்ணி, கடைசி கட்டத்துல ஒரு நம்பர் கீது? போர்டுல ஒட்டிக்கீற ஸ்டிக்கர்ல வேற நம்பர் கீது."

பார்த்தேன். போர்டுக்கு உள்ளே பயாஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கும். எது ப்ராசஸர், எது மெமரி என்று அடையாளம் காண்பது அதுதான். என் ப்ராசஸரை அடையாளம் காண அது எத்தனையாவது பதிப்பாக இருக்க வேண்டும் என்று அந்தக் கடைசிக் கட்டத்தில் போட்டிருந்தார்கள். என் போர்டில் இருந்தது அதற்கு முந்தையது. பழைய சரக்கு. புதியதை எடுத்துக்கொள்ளச் சொன்ன கடைக்காரர், அவர் வழியில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

பதினோரு வருடமாக ஷாப் ஃப்ளோரில் நான் கத்துகிற ஒரே விஷயம், டிராயிங்கின் மூலையில் எத்தனையாவது திருத்தம் என்கிற ரிவிஷன் எண்ணைப் பார் என்பதுதான். பழைய ரிவிஷனை வைத்துக்கொண்டு பைப்பை வெட்டிவிட்டு வந்து நிற்பவர்களை, எழுதப்படிக்கத் தெரியாதவனா என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். கொழுந்தனிடம், சரி, போய்க் கை கழுவு என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பதிப்பை மாற்ற, போர்டுக்கு ஏற்கெனவே அடையாளம் தெரிந்த ஒரு பழைய ப்ராசஸரைப் போட்டு ஓட்ட வேண்டும். அது எங்களிடம் ஏது? சனிக்கிழமை காலை மறுபடியும் ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன். துறைமுகத்துக்குக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அது அதிராதபடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று நின்று ஓட்டினான். கடையின் சர்வீஸ் பிரிவு மாடியில் இருந்தது. அங்கே வேறு ஆள், எங்களைப் பார்த்ததில்லை. வைத்துவிட்டுப் போங்கள், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்காது. நியாயம் பேசியிருக்கலாம். என்ன கோளாறு, எந்தப் பதிப்பு வேண்டும் என்று அவனைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் தெரிந்தேதானே வாங்கினீர்கள் என்பான், வரிசையில் நிற்கச் சொல்வான். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இவர்தான் சாக்கெட் ஒண்ணுதான்னு சொல்லி வாங்கிக் குடுத்தாரு. திங்கக்கெழமை வேலை போயிடும் சார்."

சர்வீஸ்காரன் முகம் இளகியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னான். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, தெரியாத வேலையில் எதற்குக் கை வைக்கிறாய், ஒரு பொம்பளையின் பிழைப்பு இது என்று, அங்கிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி வைதான். கொழுந்தன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"தப்புதான்ப்பா" என்றான்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்து திரை எரிந்தது. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஃபைல் திறந்தது, மேனேஜர் வாழ்த்துச் சொன்னார். அந்த மெஷினில்தான் இன்றும் டிராயிங் போடுகிறேன்.

உதவி கேட்க, எனக்குத் தெரியாது என்று சொன்னதே போதுமாக இருந்திருக்கும். அவனை இழுத்துவிட்டிருக்கத் தேவையே இல்லை. இவர்தான் என்று அவனைக் காட்டிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. வீட்டில் அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லி மறுப்பது என்று, பைக்கில் திரும்பி வரும்போதே நான் யோசித்து வைத்திருந்தேன்.