கஞ்சி போகிற குழாய்

“...அது கஞ்சி போற டியூப்புதான் ஐயா, நான் இல்லைன்னு சொல்லல. இந்த மனுசனுக்கு உள்ள போக வேற வாசல் இல்லையே. அந்த வழியா வந்தா ஆண்டவருக்குக் கொறஞ்சா போயிரும்?”

இதை அவள் கேட்டது எங்கள் சபையின் ஐயரிடம். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த கிறிஸ்தவர்களின் பழக்கம் அது. மாட்டுங்காவில் போய் ஐயர் வீடு எது என்று கேட்டால் பிராமணர் வீடுகளைத்தான் காட்டுவார்கள். அன்றைக்கு ஐயர் கையில் சின்ன வெள்ளிக் கிண்ணம் இருந்தது, அதில் கொஞ்சம் திராட்சரசம். கட்டிலில் அவள் புருஷன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சாய்ந்து கிடந்தார். அவர் மூக்கிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது. நான் தலைமாட்டில், அவர் சரிந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோளைப் பிடிப்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே வேலை. அந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

நான் தோல் பட்டறையில் பை தைத்தவன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு போயிற்று. மீதியெல்லாம் ஜனங்கள் பேசக் கேட்டுப் படித்ததுதான். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்துவிட்டால் நாலு பேரிடம் சொல்லித் தீர்க்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. பட்டறையை மூடியபோது முதலாளி இந்தியில் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. “அன்னா, மெஷினையெல்லாம் வித்தாச்சு. உங்களை யாருக்கு விக்கிறது?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வலித்தது. முலுண்டில் ஃபிளாட்டில் இருக்கிற மகன் போனில், “ரெஸ்ட் எடுங்கப்பா” என்றான். எதற்கு அப்புறம் எடுக்கிற ரெஸ்ட், எதற்கு முன்னால் எடுக்கிற ரெஸ்ட் என்று தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் ரெஸ்ட் எடுப்பான்?

அந்தச் சமயத்தில் சபையில் சிறப்புக் கூட்டம் வைத்தார்கள். செம்பூரிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து பேசினார். ஒவ்வொரு மனிதனைக் குறித்தும் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, உங்களைக் குறித்த நோக்கம் என்ன என்று அவரிடமே கேளுங்கள் என்றார். எனக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் ஒருத்தி, “நோக்கம் தெரிஞ்சிட்டா நம்ம பைப்புல தண்ணி வந்துருமாக்கும்?” என்று முணுமுணுத்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கே போட்டதுபோல் இருந்தது. அடுத்த நாளிலிருந்து காலையில் முழங்கால் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் சந்தில் பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. என் மனைவி எட்டிப் பார்த்து, “நோக்கம் கிடைச்சுதா? இல்லைன்னா விடுங்க, கொத்தமல்லியாவது கிடைக்குதான்னு பாத்துட்டு வாங்க” என்பாள்.

அப்படித்தான் ஒரு நாள் கொத்தமல்லி வாங்கப் போன வழியில், இட்லிக்காரரைப் போய்ப் பார்த்து ரெண்டு வசனம் வாசித்து ஜெபித்துவிட்டு வரலாம் என்று தோன்றியது.

இட்லிக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சைக்கிளின் பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாஹிம், வடாலா என்று சுற்றியவர். விடியுமுன் அவர் மனைவி, முதலில் ஐயரிடம் கேட்டாளே அவள்தான், அவித்துக் கொடுப்பாள், அவர் கொண்டுபோய் விற்பார். ஆபீஸுக்கு ஓடுகிற மராத்திப் பையன்கள் “அன்னா, சட்னி ஜாஸ்தி டாலோ” என்பார்கள். இவர், “ஊத்துதேன் ராசா, என் மாமனார் தோப்புத் தேங்காதானே” என்று தமிழிலேயே சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றுவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள். “சட்னிய அளந்து ஊத்துறவன் இட்லி விக்கக் கூடாது, மருந்து விக்கணும்” என்பது அவர் பேச்சு.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் சைக்கிளை எடுக்க மாட்டார். அன்றைக்குச் சபையில் திருவிருந்து, ஆண்டவருடைய உடலும் இரத்தமும் என்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை. அந்த நாளுக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். வரிசையில் போய் முழங்கால் போட்டு, அப்பத்தை வாங்கி, கிண்ணத்தில் வாய் வைத்துவிட்டு வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை கேட்டேன், அப்படி என்னவே உமக்கு அன்னைக்கு மட்டும் இத்தனை சந்தோஷம் என்று. “மாசம் பூரா ஊருக்கு நான் எடுத்துக் குடுக்கேன் அண்ணாச்சி. எனக்கு எடுத்துக் குடுக்க அன்னைக்கு ஒருத்தர் இருக்காரே” என்றார்.

அவர்தான் ஒரு காலையில் ரோட்டில் சைக்கிளோடு சரிந்தார். பக்கவாதம். வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வலது பக்கம் முழுக்கச் செத்திருந்தது. பேச்சு போய்விட்டது. விழுங்குகிற சக்தியும் போய்விட்டதால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு அனுப்பியிருந்தார்கள். “மூஹ் ஸே குச் நஹி தேனா, பானி பி நஹி” என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட. ஒரு வாய் தப்பி நுரையீரலுக்குள் போனால் ஆள் போய்விடுவார். ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் அவர்கள் மாடி வீட்டு இரும்பு ஏணியில் ஏறி உள்ளே நுழைந்து மூச்சு வாங்குவதற்குள் அவள் சொன்னாள், “வசனம் பொறவு வாசிக்கலாம் அண்ணாச்சி. முதல்ல இந்தத் தோளப் பிடிங்க, ஒத்தையில திருப்ப முடியல.” பிடித்தேன். இரண்டு பேருமாக அவரை இடது பக்கம் ஒருக்களித்தோம். முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. திருப்பிக்கொண்டே இருக்காவிட்டால் அது புண்ணாகிவிடும் என்றாள். மறுநாளும் போனேன்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கு வசனம் கொண்டாரலியா?”

“கையத்தான் கொண்டாந்தேன்.”

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனையோ நாளாகியிருக்கும். நான் அன்றைக்குப் படியிறங்கும்போது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதென்றே நினைத்தேன். மனைவியிடம் போய், “நோக்கம் கிடைச்சிட்டு” என்றேன். “அதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?” என்று கேட்டாள்.

தினமும் போனேன். அவளோடு சேர்ந்து அவரைத் திருப்பினேன், துடைத்தேன், தலையை உயர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்து மெதுவாக இறக்குவாள். ஊருக்கே இட்லி அவித்தவள் சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் தண்ணீராக்கிக்கொண்டிருந்தாள். “குழாய்ல போறதுக்கு ருசி கிடையாது, ஆனாலும் நான் உப்புப் பாத்துத்தான் ஊத்துவேன்” என்பாள். நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு செய்தும் சிவப்பு புண்ணாயிற்று. புண் ஆழமாகிக்கொண்டே போயிற்று. ஒரு விரல்கூடப் புதிதாக அசையவில்லை. நான் வந்ததால் அவருக்கு எதுவும் குறையவில்லை. அவளுக்கு முதுகுவலி கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

ஒரு முதல் ஞாயிறு என் மனைவி அவரோடு உட்கார்ந்துகொள்ள, அவள் பல நாளுக்குப் பிறகு கோயிலுக்கு வந்தாள். திருவிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் நான் போனபோது அடுப்படியில் திரும்பி நின்றபடியே சொன்னாள், “தலையணைய சரி பண்ணக் குனிஞ்சேன் அண்ணாச்சி. எம் மூஞ்சிய மோந்து பாத்தாவ. திராட்சரச வாசம். இந்த இடது கை விரல எடுத்து எம் வாயத் தொட்டாவ, பொறவு அவுக வாயத் தொட்டாவ. திரும்பத் திரும்ப. எனக்கு, அவுகளுக்கு ஒளிச்சு வச்சு நான் தின்னுட்டு வந்த மாதிரி ஆயிப் போச்சு.” அதன்பின் அவள் திருவிருந்துக்குப் போகவில்லை. அவருக்குக் கிடைக்கிற அன்றைக்குத்தான் தனக்கும் என்று சொல்லிவிட்டாள். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. யாராவது வந்து நின்றால் அந்த இடது கை விரல் உதட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

நான் பேசத் தெரிந்தவன் என்று என்னை ஐயரிடம் அனுப்பினாள். ஐயர் சின்ன வயது, இதுதான் அவருக்கு முதல் சபை. நல்ல பையன், மழையிலும் வீடு வீடாக நடப்பவர். அவர் சொன்னார், “வாங்க முடியாத நிலையில இருக்கறவங்க விசுவாசத்தோட விரும்பினாலே போதும். வாங்கிக்கொண்டதுக்கு அது சமம்.” எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து அவளிடம் ஒப்பித்தேன்.

“அண்ணாச்சி, நீங்க மத்தியானம் சாப்பிட்டியளா?”

“சாப்பிட்டேனே.”

“விரும்புனியளா, சாப்பிட்டியளா?”

பேசத் தெரிந்தவன் என்கிற பெயர் அன்றோடு சரி.

திரும்பவும் போய், வாயால் வேண்டாம், குழாய் வழியாகக் கொடுக்கலாமே என்று ஐயரிடம் கேட்டேன். பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரோ, கேட்டும் யாரும் சொல்லவில்லையோ தெரியாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுத் திருவிருந்துக்கான சின்னப் பெட்டியோடு வந்து ஏணியில் ஏறினார்.

அவள் காலையிலேயே அவரைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டையைப் போட்டு வைத்திருந்தாள். செத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க எங்கள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. சிரிஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி, ஸ்டூலில் வெள்ளைக் கைக்குட்டை விரித்து அதன்மேல் வைத்திருந்தாள். அவர் கண் சிரிஞ்சுக்கும் வாசலுக்குமாகப் போய் வந்தது. ஐயர் ஜெபித்தார். எனக்கு அப்பம் கொடுத்தார், வாயில் போட்டுக்கொண்டேன். அவளுக்குக் கொடுத்தார். அவள் உள்ளங்கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தவர் சிரிஞ்சைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அதன் உட்புறத்தில் காலைக் கஞ்சியின் வெள்ளை படிந்திருந்தது. அவர் நின்றுவிட்டார். அப்போதுதான் அவள், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஐயர் கிண்ணத்தைக் கீழே இறக்கினார். “எனக்குத் தெரியலம்மா” என்றார். “சரின்னும் தெரியல, தப்புன்னும் தெரியல. தெரியாம இதை நான் தொட்டுச் செய்ய முடியாது.” அவர் பொய் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. இட்லிக்காரரின் தலையில் கை வைத்து நீளமாக ஜெபித்தார். என் கையிலிருந்த தோள் மெல்லத் தளர்ந்து கனத்தது. ஜெபம் முடிந்து பார்த்தபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடியிருந்தார்.

அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. புண்ணிலிருந்து காய்ச்சல் ஏறி அப்படியே போய்விட்டார். அந்த இடது கை ஒரு தடவைகூட மறுபடி உதட்டுக்குப் போகவில்லை. ஐயர் வேறு சபைக்கு மாற்றலாகிப் போனார். அவள் வடாலாவில் அக்காள் வீட்டோடு இருக்கிறாள். என் கால் மட்டும் காலையில் அந்தச் சந்து வரைக்கும் போய்விட்டு வருகிறது. ஏணியில் இப்போது யாரோ துணி காயப்போடுகிறார்கள். புண்ணாகப் போகிற முதுகைத் திருப்பிக்கொண்டிருந்ததுதான் என் நோக்கம் என்றால், அது முடிந்துபோயிற்று, இனி எதற்குத் தேவன் என்னை வைத்திருக்கிறார்? முழங்கால் போடுகிறேன், கேட்பதில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்திருங்கள் என்று கூப்பிடும்போது நான் எழுந்திருப்பதில்லை. எங்கள் சபையில் சாட்சி என்றால் முடிவில் சுகம் கிடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சமாதானமாவது கிடைத்திருக்க வேண்டும். என்னிடம் அந்தச் சனிக்கிழமைதான் இருக்கிறது.

அன்றைக்கு ஐயர் பெட்டியை மூடிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அவர் செருப்புச் சத்தம் மெஷின் சத்தத்தில் கலந்து போகும்வரை அவள் அசையவில்லை. புருஷன் கண்ணைத் திறக்கவும் இல்லை. “கஞ்சி நேரமாச்சு” என்று அவருக்கா எனக்கா என்று தெரியாமல் சொன்னாள். சட்டையில் சிந்திவிடக் கூடாதென்று ஒரு துண்டை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். டம்ளரில் வெந்நீர் எடுத்தாள். அதுவரைக்கும் மூடியே இருந்த உள்ளங்கையைத் திறந்து, அதிலிருந்த அப்பத்தை வெந்நீரில் போட்டு, அது இருந்த இடம் தெரியாமல் கரைகிறவரை கரண்டியால் கலக்கினாள். ஒரு சொட்டு நாக்கில் விட்டு, எப்போதும்போல உப்புப் பார்த்தாள். பிறகு சிரிஞ்சில் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்து, தூங்குகிற மனிதருக்கு மெதுவாக இறக்கிவிட்டு, குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.