எனக்கு வந்த மஞ்சள் காமாலை

2006-இல் சிக்குன்குனியா வந்து பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே நொண்டியது. நானும் நொண்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"இதுக்குன்னு தனி மருந்து கிடையாதும்மா. காய்ச்சலுக்கு இது போடுங்க. நல்லா தண்ணி குடிச்சு ரெஸ்ட் எடுங்க. உடம்பு தேற பி காம்ப்ளெக்ஸ், தினம் ஒண்ணு," என்றார்.

தண்ணீரும் ஓய்வும் இலவசம் என்பதால் நான் மதிக்கவில்லை. சத்து மாத்திரையை மட்டும் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டேன். மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனது. மஞ்சள் காமாலை என்று நானே தீர்ப்பு எழுதினேன். நான் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அழுதேன். வீட்டில் எண்ணெயை நிறுத்தி, எல்லோருக்கும் மோர் சாதம் போட்டேன்.

"என்னா ஃபிலோ, காமாலை உனக்குத்தானே? எனக்கு எதுக்குப் பத்தியம்?" என்றார் என் கணவர் மதலைமுத்து.

"உங்களுக்கு மீன் வறுத்தா அந்த வாசனைக்கே நான் போயிடுவேன். பேசாம சாப்பிடுங்க."

ஐந்தாம் நாள் டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார். எத்தனை மாத்திரை போட்டேன் என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திரையோட நிறம் அது. உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளியே போகுது."

வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காமாலை குணமாயிடுச்சாம். எல்லாம் என் பத்தியந்தான்," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "அப்போ விட்டுடாத ஃபிலோ. இன்னும் ஒரு மாசம் எல்லாரும் மோர் சாதமே சாப்பிடுவோம்."