சாம்பிராணிப் புகையில் நண்டுக் குழம்பு

முட்டுக்காட்டில் நண்டு ஆக்கத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒரு ஆளை ஏற இறங்கப் பார்த்தே சுருங்க வைக்கத் தெரிந்தவள் மீனாட்சி ஒருத்திதான். உப்பங்கழியில் வலை போட்டு அண்ணன் சிங்காரம் கொண்டுவரும் நண்டைக் கையில் வாங்கும்போதே, இது கனம், இது வெறும் ஓடு என்று பிரித்து வைத்துவிடுவாள். மனுஷர்களையும் அப்படித்தான் பிரித்தாள். அப்படிப்பட்டவள் கல்யாண விஷயத்தில் மட்டும் ஓட்டைப் பார்த்து ஏமாந்தாள்.

பக்தவச்சலம் கோவளத்துக்காரன். அவன் அப்பா கட்டுமரத்தில் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் அடிக்கக் கற்று, செங்கல்பட்டில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. கடற்கரையில் அந்த மாதிரி மாப்பிள்ளை அபூர்வம். மீனாட்சிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை செங்கல்பட்டில் வீடு பார்க்கப் போன நாளோடு சரி.

வீட்டுக்காரி ஞானம்பாள், புருஷனை இழந்தவள். நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. முன்கட்டில் அவள் இருந்துகொண்டு பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தாள்.

"கறி மீன் புழங்கக்கூடாது. அது ஒண்ணுதான் நான் சொல்றது. சம்மதம்னா சாவிய எடுத்துக்குங்க" என்றாள்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கேட்டது புழங்குவதைப் பற்றி. பிறப்பைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. ஆனால் பக்தவச்சலம் கை இரண்டையும் கட்டிக்கொண்டு, "நாங்கள் பரம்பரையாகவே சுத்த சைவம் அம்மா. முட்டை வாடையே ஆகாது. என் தகப்பனார் கோவளத்தில் அரிசி மண்டி வைத்திருந்தார்" என்றான். எழுதி வைத்துப் படிப்பது போலச் சொன்னான். மீனாட்சி அவன் வாயையே பார்த்தாள். மாமனார் அரிசியை மூட்டையாகப் பார்த்தது மகன் கல்யாணத்தில்தான்.

மறுநாளிலிருந்து நெற்றி நிறைய விபூதி. 'இன்னா' போய் 'என்ன' வந்தது. 'வூடு' போய் 'வீடு' வந்தது. மீனாட்சி வாய் தவறி இன்னாங்க என்று கூப்பிட்டால் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பான். கடவுள் ஒரு நாக்கைக் கொடுத்தார், இந்த ஆள் அதைச் சலவைக்குப் போட்டு வாங்கி வந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சைவம் ஒரு வருஷம் தாங்கியது. பிறகு ஒரு அமாவாசைக்கு முந்தின நாள், சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே, யாரையோ விசாரிப்பது போல, "அமாவாசை வருகிறதே, இப்போது நண்டெல்லாம் சதை பிடித்து இருக்கும், இல்லையா?" என்றான்.

"சுத்த சைவத்துக்கு அந்த விசாரணை எதுக்கு?" என்றாள் மீனாட்சி.

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவன் மறுநாளும் கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது எச்சில் விழுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவளுக்கும் நாக்கு செத்துத்தான் கிடந்தது. அதைவிட, அண்ணன் முகத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. சொல்லி அனுப்பினாள்.

அன்று தொடங்கியதுதான் அந்தக் கூத்து. சிங்காரம் திருப்போரூர் பஸ்ஸில் வருவான். கையில் ஒரு கூடை. மேலே முருங்கைக்கீரை, கீழே ஈரச் சாக்கு, அதற்குள்ளே நண்டு. பின்சந்து வழியாக வந்து கொடுத்துவிட்டு, நின்றபடியே ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவான். உட்காரச் சொன்னால் பக்தவச்சலத்துக்கு வியர்க்கும். ஞானம்பாள் கோயிலுக்குக் கிளம்பியதும் ஜன்னல்கள் சாத்தப்படும். அடுப்பில் குழம்பு கொதிக்கும். பக்கத்தில் பக்தவச்சலம் தூபக்காலை வைத்துக்கொண்டு சாம்பிராணி போடுவான். புகையில் இருமிக்கொண்டே நண்டுக் காலை உறிஞ்சுவான். தின்று முடித்ததும் ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றி ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு போய், வழியில் கொளவாய் ஏரிக்கரையில் கொட்டுவான். தெரு நாய்களுக்குக் கௌரவம் தெரியாது. பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்ட குமாஸ்தாவின் பின்னால் அவை வாலை ஆட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போகும். மீனாட்சி வாசலில் நின்று பார்ப்பாள். அவளுடைய கல்யாண ஊர்வலத்தில்கூட அத்தனை உற்சாகம் இல்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் வைகாசி மாதம். வெயில் கொளுத்தியது. அமாவாசையை ஒட்டி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்காரம் வந்தான். அன்று கழியில் நல்ல வேட்டை. ஒவ்வொரு நண்டும் ஒரு விரித்த கை அகலம். கொடுக்குகளைத் தென்னை நாரால் இறுக்கிக் கட்டியிருந்தான். ஆனால் அன்று கிருத்திகை. ஞானம்பாள் கோயிலுக்குப் போகவில்லை; வீட்டிலேயே பூஜை. காஞ்சிபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள்.

"இன்று முடியாது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றான் பக்தவச்சலம்.

"நாளிக்கி வரிக்கும் தாங்கும் மச்சான். கட்ட மட்டும் அவுக்காதீங்க. சாக்கு காஞ்சா தண்ணி தெளிங்க, போதும்" என்றான் சிங்காரம்.

நண்டைக் கூடையோடு குளியலறை மூலையில், நிழலாக வைத்தாள் மீனாட்சி. சிங்காரம் வலைக்கு நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். வெறுங்கூடையைத் திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். மீனாட்சி நண்டுகளை ஒரு மண்சட்டிக்கு மாற்றி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். அந்த நேரம் பார்த்து, பூ கட்ட ஆள் வேண்டும் என்று ஞானம்பாள் கூப்பிட, அவள் முன்கட்டுக்குப் போனாள்.

பக்தவச்சலம் தனியாக இருந்தான். தனியாக இருந்த குமாஸ்தாவுக்கு யோசனை வந்தது. இந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் நண்டு செத்துப்போகாதா? கட்டிப் போட்டால் சதை வற்றிப் போகாதா? கழியின் கரையிலே பிறந்து வளர்ந்தவன், ஈரச் சாக்கில் கிடக்கும் நண்டு ரெண்டு நாளானாலும் உயிரோடிருக்கும், வாளித் தண்ணீரில் அடைத்த நண்டுதான் மூச்சுத் திணறிச் சாகும் என்பதைக்கூட விபூதி பூசிய கையோடு துடைத்துவிட்டிருந்தான். அகலமான பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, கையை மட்டும் எட்ட நீட்டிச் சவர பிளேடால் கட்டுகளை அறுத்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். பெரிய தர்மம் செய்துவிட்டவன் போலப் போய் வாரப் பத்திரிகையைப் பிரித்தான்.

முற்றத்தில் முதலில் கத்தியது காஞ்சிபுரத்து அம்மாள். பிறகு ஞானம்பாள்.

"மீனாட்சி! ஐயோ, இது என்னதுடி?"

மீனாட்சி பூவை மடியிலிருந்து உதறிக்கொண்டு ஓடினாள். குளியலறைக் கதவின் இடுக்கு வழியாக நண்டுகள் வரிசையாக வந்து, முற்றத்தில் ஆளுக்கொரு திசையாகப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தன. ஒன்று குத்துவிளக்குத் திரிக்கு வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தது. இன்னொன்று கொடியில் காய்ந்த ஞானம்பாளின் பூஜைப் புடவையைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டு, விட மாட்டேன் என்று தொங்கியது.

பத்திரிகையும் கையுமாக வந்த பக்தவச்சலம், ஒரு நண்டு தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், "அய்யய்யோ, இன்னாடி இது!" என்று அலறி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் ஏறினான். சலவைக்குப் போன நாக்கு ஒரு நொடியில் வீடு திரும்பிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டான். "அம்மா, இது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. எவனோ மீன்காரன் வீடு மாறி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்."

அந்தச் சமயத்தில் சிங்காரம் பின்பக்கமாக உள்ளே வந்தான். ஒரு கையில் நூல்கண்டு. இன்னொரு கையில் தங்கைக்கு வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழம். முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

ஞானம்பாள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "நீ அந்தக் கீரைக்காரன்தானே?"

"கீரக்காரனா?" என்றாள் மீனாட்சி.

"ஆமாம்மா. மாசா மாசம் கூடையோட வருவானே. யாருன்னு கேட்டதுக்கு உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், கீரை கொண்டு வர்ற ஆள்னு."

மீனாட்சி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கல்லின் மேலே நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தான்.

சிங்காரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கையின் முகத்தைப் பார்த்தான். தலையிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "ஆமாம்மா, கீரக்காரன்தான். நண்டு என்துதான். தெரியாத்தனமா இங்க வெச்சிட்டேன். இதோ புடிச்சிகினு போயிடறேன்" என்று குனிந்தான். பின்னாலிருந்து ஓட்டை அமுக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட ஆரம்பித்தான்.

அதுவரை மீனாட்சிக்குப் புருஷன் மேலிருந்தது இளப்பம்தான். அண்ணன் குனிந்ததைப் பார்த்ததும் அது வேறொன்றாகிவிட்டது.

"ண்ணா, நிமிரு!" என்றாள். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "அம்மா, இவன் கீரக்காரன் இல்ல. எங்கண்ணன். கூடப் பொறந்தவன். நண்டு எங்களுக்குத்தான் எடுத்தாந்தான். ரெண்டு வருசமா உங்க வூட்டுல ஆக்கித் துன்னுகினுதான் கீறோம். தப்பு என்மேலயும் கீது, அத நான் ஒத்துக்கறேன். தோ கல்லு மேல நிக்கறாரே, அவுரு அப்பா அரிசி மண்டியும் வெக்கல, ஒரு மண்ணும் வெக்கல. கட்டுமரம் வலிச்சி இவுரப் படிக்க வெச்சாரு. அந்த மனுசனுக்குக் கீற மரியாத இவுருக்கு இல்ல."

"மீனாட்சி, உள்ளே போ" என்றான் பக்தவச்சலம்.

"மொதல்ல நீ கீழ எறங்கு."

ஞானம்பாள், புடவையிலிருந்த நண்டைச் சிங்காரம் எடுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "எனக்கென்ன மூக்கு இல்லையா? பூஜை பண்ற என் வீட்டுலயே அவ்வளவு சாம்பிராணி போடறதில்ல. வாசனை வந்த அன்னிக்கே தெரியும். நல்ல மாதிரிக் குடித்தனம், கேட்டு எதுக்கு அவமானப்படுத்தணும்னு இருந்துட்டேன். இப்ப முற்றத்துக்கே வந்துடுச்சு. வேற வீடு பாத்துக்குங்க." உறவுக்காரர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

ஆக, ஊருக்குப் பயந்து புகைக்குள் உட்கார்ந்து தின்றது, நாய்களோடு ஊர்வலம் போனது, மச்சானைக் கீரைக்காரனாக்கியது எல்லாமே ஒருத்தியை ஏமாற்ற. அவளோ ஏமாறவே இல்லை. பக்தவச்சலம் கல்லிலிருந்து இறங்கினான். அவனைத் திரும்பியும் பார்க்காமல் மீனாட்சி ரெண்டு புடவையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு பஸ் ஏறினாள்.

முட்டுக்காட்டில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் அவள் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். நண்டின் அடிவயிற்று மடலைத் தூக்கி ஒரு குத்து. அசைவு நின்றதும் ஓட்டைப் பெயர்த்து, பஞ்சு போன்ற செவுளைக் கிள்ளி எறிந்தாள். கொடுக்குகளைக் குழவியால் லேசாகத் தட்டி விரிசல் விட்டாள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் அம்மியில் அரைபட்டன. புளியைக் கொஞ்சமாகக் கரைத்துச் சட்டியில் ஊற்றினாள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. வாசனை தோப்பு வரைக்கும் போனது.

சாப்பிடும்போதுதான் சிங்காரம் கேட்டான். "எத்தினி நாளா மீனா நான் கீரக்காரன்?"

நண்டின் மஞ்சளான சினையை வழித்து அவன் சோற்றில் வைத்தாள்.

அடுத்த வாரம் பக்தவச்சலம் வந்தான். விபூதி பாதியாகக் குறைந்திருந்தது. "மனசுல வெச்சிக்காத மச்சான். ஆபீஸ்ல ஒரு கௌரவம் பாக்கவேண்டிக் கீது" என்றான்.

"அட உடு மச்சான்" என்று சொல்லிவிட்டுச் சிங்காரம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கழிக்குப் போய்விட்டான்.

மீனாட்சி இலை போட்டாள். பக்தவச்சலம் இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கி, கொடுக்கைக் கடித்து, விரலை நக்கி, வயிறு நிறையத் தின்றான். வெட்கப்பட்டவன் இப்படித் தின்னமாட்டான் என்று அவள் நினைத்தாள். இருந்தாலும் குடித்தனத்தை அறுத்துக்கொண்டு வந்து அண்ணன் தலையில் உட்கார அவளுக்கு மனமில்லை.

"வேற வூடு பாரு, வரேன். அங்க உங்கப்பா இன்னா தொழில் பண்ணாருன்னு உன் வாயாலயே சொல்லணும்" என்றாள்.

கூடுவாஞ்சேரியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் சதாசிவம், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. மீனாட்சி பக்கத்தில் நிற்க, பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்வது போல, "எங்கப்பா கோவளத்தில் மீன் பிடிக்கிறவர்" என்றான்.

"அப்படியா? நல்ல வஞ்சிரமா வந்தா நமக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் சதாசிவம்.

மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குவதற்கு அல்ல. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தா இந்த ஆள் இத்தனை வருஷம் புகை குடித்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடாமல் இருப்பதற்கு.

சிங்காரம் அந்த வீட்டுக்கும் வந்தான். முன்வாசல் வழியாக வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான். ஆனால் ஆபீஸ் உள்ள நாளாகப் பார்த்துத்தான் வந்தான். பக்தவச்சலம் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் கிளம்பிவிடுவான். அண்ணன் இலையில் கனமான நண்டாகப் பார்த்து வைப்பாள் மீனாட்சி. சாயங்காலம் வருகிறவனுக்குச் சட்டியில் மிஞ்சிய கால்களும் குழம்பும். பக்தவச்சலம் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.