பூசணிக்காய் வெட்டிய மணித்தியாலங்கள்

நகரசபைக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக, தன் ஊழியர்கள் அக்கம்பக்கத்துச் சனங்களுக்குச் சம்பளமில்லாமல் தொண்டு செய்வார்கள் என்று எங்கள் முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருட முடிவில் அந்தத் தொண்டு நேரத்தைக் கணக்குக் காட்டும் படிவம் என் மேசைக்கு வந்தது.

"தங்கச்சி, நீர் ஞாயிறில கோயிலில மரக்கறி வெட்டுறனீர்தானே? உதைப் படிவத்தில போடும்," என்றார்.

வெட்டுகிறேன்தான். ஆறு நாள் வேலைக்குப் பிறகு, ஸ்காபரோவில் கோயில் குசினியில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டும் அந்த மூன்று மணித்தியாலத்துக்கு மட்டும்தான் நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சல் வந்தது. ஆனால் வாய் திறக்கவும் அலுப்பாக இருந்தது. போட்டேன். எங்கள் கொம்பனியிலேயே கூட்டித் துடைக்கும், கோயிலில் என் எதிரே இருந்து வெட்டும் அக்காவின் நேரத்தையும் சேர்த்தே போட்டேன்.

நகரசபை தொண்டு செய்தவர்களின் கையெழுத்தையும் கேட்டது. அடுத்த ஞாயிறு படிவத்தை அக்காவிடம் நீட்டினேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாசித்தார்.

"நான் பிள்ளையாருக்கெல்லோ வெட்டினனான். கொம்பனிக்கு எப்ப வெட்டினனான்?"

பேனையைக் கொடுத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டார். அவருக்கும் வேலை வேண்டும்.

பிறகு நகரசபையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்த ஞாயிறும் வழக்கம்போலக் கத்தியை எடுத்தேன். வெட்டத் தொடங்குமுன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். எதிரே அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.